தடை எல்லோருக்கும், நிதி யாருக்கு?

(காரியாபட்டியில் தலித் இளைஞர்களும் மாணவர்களும் கூட்டிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கொரோனா ஊரடங்கின்போது விளையாட்டுக்கு அரசு கொடுத்த நிதியும், விதித்த தடையும் – இதுதான் நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிற விஷயம். கூலிப் பிரச்சினை, நிலப் பிரச்சினை, வன்கொடுமை வழக்குகள் என்று ஆயிரம் கிடக்க, கபடியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். வசதியுள்ளவன் பிள்ளைக்கு விளையாட்டு என்பது உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். நம்ம பிள்ளைக்கு அது ஒரு சர்டிபிகேட். அந்த சர்டிபிகேட் கல்லூரியில் ஒரு இடம், ரயில்வேயில் ஒரு வேலை, போலீசில் ஒரு வேலை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கம் மருந்து அறைக்குள் போகாமல் தப்பிப்பதற்கு நம்ம பையன்களுக்கு இருக்கிற மிகச் சில வழிகளில் இந்தக் கபடியும் ஒண்ணு. அச்சன்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் தேதி வெடித்ததில் 20க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதையும் மனசில் வைத்துக்கொண்டு நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

முதலில் ஒரு வார்த்தையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'விளையாட்டு அமைப்பு' என்கிறார்களே, அரசு எதை விளையாட்டு அமைப்பு என்கிறது? டெல்லியில் அங்கீகாரம் பெற்ற தேசிய சம்மேளனம், அதன் கீழே மாநிலச் சங்கம், அதன் கீழே மாவட்டச் சங்கம். பதிவு எண், தணிக்கைக் கணக்கு, லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு. இதெல்லாம் இருந்தால்தான் அமைப்பு. நம்ம குழுவுக்கு என்ன இருக்கு? ஒரு பேர் இருக்கும். அம்பேத்கர் பேர், இல்லாட்டி இமானுவேல் சேகரன் பேர், கூட ஊர்ப் பேர். ஏழு பேருக்கு முதுகில் நம்பர் போட்ட பனியன் இருக்கும். கருவேல முள்ளை வெட்டி எடுத்து, கல் பொறுக்கி, மண் சலித்துப் போட்ட ஒரு களம் இருக்கும். ஏப்ரல் 14க்கு ஒரு போட்டி, பொங்கலுக்கு ஒரு போட்டி. நன்கொடை பிரித்து, சிவகாசியில் நோட்டீஸ் அடித்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, மைக் செட்டுக்கும் லைட்டுக்கும் கடன் சொல்லி, விடிய விடிய ஆட்டம் நடக்கும். காலையில் சுழற்கோப்பையைத் தூக்கிட்டுப் போவாங்க. இந்த மாவட்டத்தில் கபடி உயிரோடு இருப்பது இப்படிப்பட்ட குழுக்களால்தான். ஆனால் அரசின் எந்தக் கணக்கேட்டிலும் இந்தக் குழு கிடையாது. கிடையாத ஒன்றுக்கு நிதி ஒதுக்க முடியாது என்பது ஒரு தர்க்கம். சரி, அப்படியானால் கிடையாத ஒன்றுக்குத் தடை மட்டும் எப்படி விதித்தார்கள்? நான் இன்று கேட்கிற கேள்வி முழுக்க இதுதான்.

2020 மார்ச் 24 இரவு பிரதமர் அறிவித்தார், 25ஆம் தேதி முதல் நாடே அடைப்பு. தமிழ்நாட்டில் 24 மாலையே 144 வந்துவிட்டது. அது பங்குனி மாசம். நம்ம பக்கம் பங்குனியும் சித்திரையும்தான் ஆட்டத்தின் பருவம் என்பது உங்களுக்குத் தெரியும். விருதுநகரில் பங்குனிப் பொங்கல், ஊர் ஊருக்கு மாரியம்மன் பொங்கல், அப்புறம் ஏப்ரல் 14. அடித்து வைத்த நோட்டீசெல்லாம் கட்டோடு கிடந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 10க்கு மேல் இரண்டாம் அலைக் கட்டுப்பாடு, மே 10 முதல் முழு அடைப்பு. ஆக இரண்டு பருவம் அடுத்தடுத்துப் போச்சு.

நோய்த்தொற்றைத் தடுக்கக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவன் பைத்தியக்காரன். கபடி தொட்டு விளையாடுகிற ஆட்டம். மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போய் எதிராளியைத் தொட்டு வரணும், ஏழு பேர் ஒருத்தன் மேல் விழுந்து பிடிக்கணும். கொரோனாவுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் இல்லை. நிறுத்த வேண்டியதுதான். கேள்வி வேற. நிறுத்தச் சொன்னபோது யாரிடம் எப்படிச் சொன்னார்கள்? நிறுத்தியதால் வந்த நஷ்டத்தை யாருக்கு ஈடு செய்தார்கள்?

2020 மே 17இல் மத்திய உள்துறை வெளியிட்ட உத்தரவில் விளையாட்டு வளாகங்களும் ஸ்டேடியங்களும் திறக்கலாம், பார்வையாளர் மட்டும் கூடாது என்றார்கள். தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 முதல் பயிற்சிக்காக மைதானங்களைத் திறந்தார்கள். 'ஸ்டேடியம்' என்றால் என்ன? சுற்றுச்சுவர் உள்ளது, கேட் உள்ளது, கேட்டில் வெப்பமானியோடு ஆள் நிற்கக்கூடியது. நமக்கு மாவட்ட விளையாட்டரங்கம் இருப்பது விருதுநகரில். பஸ் ஓடாத காலத்தில் காரியாபட்டிப் பையன் அங்கே எப்படிப் போவான்? கண்மாய்க்கரைக் களத்துக்குச் சுவரும் இல்லை, கேட்டும் இல்லை. ஆகவே அது உத்தரவின் கண்ணுக்கு மைதானமே இல்லை, கூட்டம் கூடுகிற இடம். அங்கே வந்தது வெப்பமானி அல்ல, லத்தி.

2020 ஏப்ரலில் திருப்பூர்ப் பக்கம் போலீசார் ட்ரோன் விட்டுப் பிடித்த வீடியோ ஞாபகம் இருக்கா? மரத்தடியில் கேரம் ஆடிய பையன்கள் ட்ரோனைக் கண்டு ஓடுகிறார்கள். ஒருத்தன் கேரம் போர்டாலேயே முகத்தை மறைக்கிறான். அதுக்கு சினிமாக் காமெடி வசனம் போட்டு வெட்டி ஒட்டி நாடே சிரித்தது. நானும் பார்த்தேன், சிரிக்க முடியவில்லை. பெரிய வீட்டுப் பையன் மொட்டை மாடியில் ஷட்டில் ஆடினான், வீட்டுக்குள் டிரெட்மில்லில் ஓடினான். அவன் மேலே ட்ரோன் பறக்கவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டுப் பையன் வெளியே வந்துதான் மூச்சு விடணும். அவன் வெளியே வந்தால் குற்றம். அதே வருஷம் ஜூன் 19இல், கடை அடைக்கிற நேரத்தைக் காரணம் காட்டி சாத்தான்குளம் போலீசார் கொண்டுபோன ஜெயராஜும் பென்னிக்சும் உயிரோடு திரும்பவில்லை. கடை வைத்திருந்த வியாபாரிகளுக்கே அந்தக் கதி. களத்தில் நிற்கிற சேரிப் பையன் லத்தியைக் கண்டு ஏன் ஓடினான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊரடங்கை மீறியதாகப் போட்ட வழக்குகள் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 10 லட்சம். தேர்தல் நெருங்கிய 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி இவற்றை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். நல்லது. ஆனால் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற பையனிடம் உன் மேல் வழக்கு இருக்கிறதா என்று ஒரு கட்டம் கேட்கும். சாயங்காலம் கபடி ஆடியதற்கான வழக்கு, கபடியால் கிடைக்கக்கூடிய வேலையைப் பறிக்கும். மாணவத் தோழர்களே, உங்க ஊரில் அந்தக் காலத்தில் எழுதப்பட்ட வழக்குகள் முழுசாக முடிந்தனவா என்று ஸ்டேஷனில் எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள். வாய் வார்த்தையை நம்பி இருந்துவிடாதீங்க.

இனி பணத்துக்கு வருவோம்.

2020–21 மத்திய பட்ஜெட்டில் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 2,826.92 கோடி. ஊரடங்கு வந்தது, போட்டி இல்லை என்று சொல்லித் திருத்திய மதிப்பீட்டில் அதை 1,800.15 கோடியாகக் குறைத்தார்கள். அதாவது விளையாட்டுக்காரன் வயிறு காய்ந்த வருஷத்தில் 1,000 கோடிக்கு மேல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் 2021–22இல் 2,596.14 கோடி. இதற்குள் எது ஏறியது, எது இறங்கியது என்று பாருங்கள். தேசிய சம்மேளனங்களுக்கான உதவி 245 கோடியிலிருந்து 280 கோடியாக ஏறியது. அடிமட்டத்து விளையாட்டுக்கு என்று சொல்லப்படும் கேலோ இந்தியா 890.42 கோடியிலிருந்து 657.71 கோடியாக இறங்கியது. ஒலிம்பிக் வருஷம், பதக்கம் வேணும், அதனால் மேலே கொடுத்தோம் என்பார்கள். பதக்கம் வாங்குகிறவன் எங்கிருந்து வருகிறான்? மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்தில் பாட்டி கூலி வேலை செய்து வளர்த்த ரேவதி, செருப்புக்கூட இல்லாமல் ஓடிப் பழகி தோக்கியோவரை போனார். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றவர்களுக்கு 5 லட்சமும், தங்கம் வாங்கினால் 3 கோடியும் தமிழக அரசு அறிவித்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 5 லட்சம் வருவதற்கு முந்தின பத்து வருஷத்துக்கு அரசிடம் தலைப்பே இல்லை.

நேரடியாக வீரர் கைக்குப் போன பணமும் இருந்தது. அதையும் சொல்லணும். கேலோ இந்தியாவில் தேர்வான 2,749 பேருக்கு 2020–21 முதல் காலாண்டுக்கு என்று 8.25 கோடியை அனுப்பினார்கள். ஒருத்தருக்கு மூணு மாசத்துக்கு 30,000 ரூபாய். அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். இந்தியா முழுக்க 2,749 பேர், அவ்வளவுதான். 2021 மே மாதம் முன்னாள் சர்வதேச வீரர்களுக்கு நல நிதியிலிருந்து உதவினார்கள். அர்ஜுனா விருது வாங்கிய கபடி வீராங்கனை தேஜஸ்வினி பாய், கொரோனாவில் கணவரை இழந்து நின்றபோது 2 லட்சம் கொடுத்தார்கள். ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவருக்கே கணக்கு இப்படி. நலிந்த முன்னாள் வீரர்களுக்கு தமிழ்நாட்டில் மாத ஓய்வூதியம் உண்டு. அதுக்கு 58 வயசு ஆகணும், தேசிய அளவிலாவது ஜெயித்திருக்கணும். முப்பது வயசில் முட்டி கழண்டு போன கிராமத்து ஆட்டக்காரன் எந்த வரிசையில் நிற்பான்?

பள்ளிக்கூடத்துப் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்கள் கதை தனி. 2020இல் அவங்க சம்பளம் மாதம் 7,700 ரூபாய், மே மாதம் சம்பளமே கிடையாது. ஊர்ப் போட்டிகளில் விசில் ஊதுகிற நடுவர், இலவசமாய்ப் பயிற்சி தருகிற முன்னாள் ஆட்டக்காரர், இவங்க யாருக்கும் வாரியம் இல்லை. கட்டடத் தொழிலாளிக்கு, நாட்டுப்புறக் கலைஞருக்கு நல வாரியம் இருந்ததால் கேட்கிறதுக்கு ஒரு வாசல் இருந்தது. நிலையான சம்பளம் இல்லாத கோயில் அர்ச்சகர்களுக்கு 2021 ஜூனில் 4,000 ரூபாயும் அரிசியும் மளிகையும் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். குடும்ப அட்டைக்கு வந்த 4,000 நமக்கும் வந்தது. ஆனால் விளையாட்டால் பிழைத்தவன் என்ற கணக்கில் நமக்கு ஒரு பைசா வரவில்லை, அப்படி ஒரு கணக்கே இல்லாததால்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நமக்குச் சில பாடம் கிடைக்கும். 2020 மார்ச் 31ஆம் தேதியே ஸ்போர்ட் இங்கிலாந்து என்கிற அமைப்பு 19.5 கோடி பவுண்டு அறிவித்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,800 கோடி ரூபாய். நம்ம நாட்டு விளையாட்டு அமைச்சகத்துக்கே அந்த வருஷம் கடைசியில் மிஞ்சியதும் அதே 1,800 கோடிதான். அதில் ஒரு பகுதி சின்னச் சின்ன உள்ளூர் மன்றங்களின் வாடகைக்கும் கரண்டு பில்லுக்கும் போனது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஏழைகள், கறுப்பின மற்றும் சிறுபான்மை இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் விளையாட்டிலிருந்து விலகிப் போய்விடக்கூடாது என்று 2 கோடி பவுண்டைத் தனியாக ஒதுக்கினார்கள். ஏற்றத்தாழ்வு இருக்கிறது, கொள்ளைநோய் அதைக் கூட்டும் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் எல்லாம் புனிதன் என்று நினைத்துவிடாதீர்கள். அதே வருஷம் நவம்பரில் அந்த அரசு அறிவித்த 30 கோடி பவுண்டு உதவியில், பெரும்பாலும் கடன்தான் அது, 13.5 கோடி போனது ரக்பி யூனியனுக்கு. இங்கிலாந்தில் அது பெரிய இடத்துப் பள்ளிக்கூடங்களின் ஆட்டம். எல்லா ஊரிலும் பணத்துக்கு வழி தெரியும் போலிருக்கு. ஜெர்மனி 20 கோடி யூரோ ஒதுக்கியதும் பார்வையாளர் டிக்கெட் வருமானத்தை இழந்த தொழில்முறை, அரைத் தொழில்முறை மன்றங்களுக்குத்தான்.

நம்ம நாட்டுப் பெரிய ஆட்டம் என்ன ஆச்சு? ஐ.பி.எல். விமானம் ஏறியது. 2020 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை வளைகுடாவில் நடந்தது. அந்த ஒரு போட்டியில் 4,000 கோடி வருமானம் வந்ததாக கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளரே சொன்னார். புரோ கபடி 2020இல் நடக்கவில்லை. 2021 டிசம்பரில் பெங்களூரில் ஒரே நட்சத்திர ஓட்டலுக்குள் எல்லா அணியையும் அடைத்து, பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். பணம் இருந்தால் கூண்டு கட்டி ஆடலாம். நாம எந்த ஓட்டலில் கூண்டு கட்டுவது?

கபடிச் சம்மேளனம் அப்போது எந்த லட்சணத்தில் இருந்தது என்பதையும் சொல்லணும். ஜனார்தன் சிங் கெலாட் என்பவர் 28 வருஷம் தலைவராக இருந்தார். அப்புறம் ஆயுட்காலத் தலைவர் ஆனார், மனைவி தலைவர் ஆனார். 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் நீக்கி நிர்வாகியை நியமித்தது. கொரோனா வந்தபோது இந்தியாவின் கபடி ஒரு நிர்வாகியின் கையில் கிடந்தது. 2020 ஜூனில் அதே நீதிமன்றம் தலையிட்டதால் 54 தேசிய சம்மேளனங்களின் தற்காலிக அங்கீகாரத்தை அமைச்சகம் திரும்பப் பெற்றது. விளையாட்டுச் சட்டவிதிகளை ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்பதுதான் வழக்கு. இவங்கதான் 'அமைப்பு'. நாம 'கூட்டம்'.

இனி பக்கத்துக் கதை. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அவனியாபுரம். 2021 தைப் பொங்கலுக்கு அங்கே ஜல்லிக்கட்டு நடந்தது. ராகுல் காந்தி வந்து உட்கார்ந்து பார்த்தார். அலங்காநல்லூரில் முதல்வரும் துணை முதல்வரும் கொடியசைத்தார்கள். இதற்கென்றே அரசு தனி வழிமுறை போட்டது: 300 வீரர்கள், இருக்கையில் பாதிப் பார்வையாளர், தொற்று இல்லை என்ற சான்று. 2022 ஜனவரியில் மூன்றாம் அலை, இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழு அடைப்பு. அப்போதும் 300 வீரர்கள், 150 பார்வையாளர்கள், இரண்டு தடுப்பூசிச் சான்று என்று வழிமுறை வந்தது. 16ஆம் தேதி ஞாயிறு அடைப்பு என்பதால் அலங்காநல்லூரை 17க்கு மாற்றினார்கள். பாருங்க, ஊரடங்குக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு அழகாக வழி கண்டுபிடிக்க முடிகிறது! அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே தைக்குக் கபடிப் போட்டி நடத்த அனுமதி கேட்டுப் போன நம்ம பக்கத்துப் பையன்களுக்கு ஸ்டேஷனில் கிடைத்த பதில், 'கொரோனா முடியட்டும்டா'.

ஜல்லிக்கட்டில் நம்ம ஆட்களும் மாடு வளர்க்கிறார்கள், மாடு பிடிக்கிறார்கள். ஆனால் விழாக் கமிட்டியில் யார், முதல் மரியாதை யாருக்கு என்று வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அவனியாபுரத்தில் கமிட்டியில் எல்லாச் சமூகத்துக்கும் இடம் வேணும் என்று மதுரைக் கிளைக்கு வழக்குப் போய், 2020 ஜனவரியில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போட்டு நடத்த வேண்டி வந்தது. எதை 'பண்பாடு' என்று அரசு ஏற்கிறதோ அதற்கு ஊரடங்கிலும் அரசாணை வரும். எதை 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' என்று பார்க்கிறதோ அதற்கு ஊரடங்கு இல்லாத காலத்திலும் அனுமதி வராது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். கொரோனாதான் நம்ம கபடியை முதன்முதலில் தடுத்ததா? தென் மாவட்டங்களில் கபடி நடத்தணும் என்றால் நீண்ட காலமாகவே போலீஸ் அனுமதி வேணும். மறுத்தால் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகணும். நீதிமன்றம் அனுமதி கொடுக்கும்போது நிபந்தனை போடும்: சாதிப் பாட்டுக் கூடாது, சாதித் தலைவர் படம் போட்ட பனியன் கூடாது, பிளக்ஸ் கூடாது, பிரச்சினை வந்தால் நடத்துபவரே பொறுப்பு. மோதலைத் தவிர்க்க என்கிறார்கள். மோதல் நடந்ததில்லை என்று நான் சொல்லவில்லை, நடந்திருக்கு. ஆனால் அம்பேத்கர் படம் சாதித் தலைவர் படத்தில் சேருமா சேராதா? அதை இன்ஸ்பெக்டர் முடிவு செய்கிறார். ஆகவே நமக்கு 2020 மார்ச் 25 புதுசு இல்லை. நம்ம களத்துக்கு ஊரடங்கு முன்னேயே இருந்தது, கொரோனா அதுக்கு ஒரு நல்ல பேர் கொடுத்தது. 'சமூக விலகல்' என்று அவர்கள் புதுசாய்ச் சொன்ன வார்த்தையை ஊர்க்காரர்களும் சேரிக்காரர்களும் சேர்ந்து ஆடாத களத்தில் நாம தலைமுறையாகப் பார்த்தவங்கதான்.

பல்வங்கர் பாலு என்ற பெயரை மாணவர்கள் தெரிஞ்சுக்கணும். 1876இல் பிறந்த தலித், பந்து வீச்சாளர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கிற வேலையில் இருந்து, அவர்களுக்கே பந்து வீசிப் பழகியவர். புனேயில் பிளேக் பரவிய காலத்தில் பம்பாய்க்குப் போனார். இந்து அணிக்காக அவர் பந்து தொட்டால் தீட்டில்லை, விக்கெட் விழுந்தால் தீட்டில்லை. தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே தனியாக, தூக்கிப் போடுகிற கோப்பையில் தேநீர். 1911இல் இங்கிலாந்து போய் 100க்கு மேல் விக்கெட் எடுத்தார். அப்பவும் இந்து அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. 1937 தேர்தலில் காங்கிரஸ் அவரை பாபாசாகேப்புக்கு எதிராகவே நிறுத்தியது, தோற்றார். அது வேறு அரசியல். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆட்டத்தில் தொடவிட்டவர்கள், அமைப்பில் தொடவிடவில்லை. இன்றைக்கும் கபடி, தடகள அணிகளில் நம்ம பிள்ளைகளைப் பார்க்கலாம். சங்கத்தின் செயலாளர், பொருளாளர், தேர்வுக் குழு என்று வரிசையாகப் பேர் வாசித்துப் பாருங்கள்.

ஈடு செய்யவே முடியாத இழப்பு எது தெரியுமா? வயசு. சப்-ஜூனியருக்கு 16, ஜூனியருக்கு 20 என்று வரம்பு. 2020இல் பதினைந்து வயசுப் பையன் 2022இல் பதினேழு. மாவட்டப் போட்டி நடக்கவில்லை, தேர்வு நடக்கவில்லை, பள்ளி விளையாட்டுப் போட்டி நடக்கவில்லை. சர்டிபிகேட் இல்லை. பத்தாம் வகுப்புக்கு 2020 ஜூனில் ஆல் பாஸ் போட்டார்கள். கபடிக்கு யார் ஆல் பாஸ் போட்டார்கள்? 'இந்த இரண்டு வருஷத்தையும் வயசில் கழித்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பையனாவது பட்டாசு ஆலைக்குப் போனான், ஊரடங்கு தளர்ந்ததும் ஆலை திறந்தது. அந்த 2020 தீபாவளிக்கு டெல்லி, ராஜஸ்தான், ஒடிசா என்று பட்டாசுக்குத் தடை வந்ததால் அந்த வேலையும் பாதியாச்சு. பெண் பிள்ளைகள்? விளையாட்டு விடுதி மூடி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, பனியன் டவுசரோடு ஊர்க் களத்தில் பழக முடியாது. வீட்டில் சோறு ஆக்கினாள், மாப்பிள்ளை பார்த்தார்கள். திரும்ப விடுதிக்குப் போகாத பிள்ளைகளை உங்களில் பல பேருக்குத் தெரியும். பேர் சொல்ல வேண்டாம்.

கிராமத்துக்கு என்று திட்டமே வந்ததில்லையா என்றால், வந்தது. 2019இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் அறிவித்தார்கள். 12,524 ஊராட்சி, 528 பேரூராட்சி, 76.23 கோடி ரூபாய். ஒவ்வொரு ஊராட்சியிலும் கபடி, கைப்பந்து, கிரிக்கெட் என்று குழு அமைக்க. அது ஊருக்குள் காலூன்றுவதற்குள் ஊரடங்கு. பணம் எங்கே, பொருள் எங்கே என்று கேட்கிற இடம் கிராம சபை. 2020இல் மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 மூணு கிராம சபையும் தொற்றைக் காரணம் காட்டி நடக்கவில்லை. விளையாடத் தடை, விளையாட்டுக் கணக்கைக் கேட்கவும் தடை. 2024இல் கலைஞர் பெயரில் 12,525 ஊராட்சிக்கும் விளையாட்டு உபகரணங்கள் என்று அறிவித்து வழங்கினார்கள். அந்தப் பெட்டி உங்க ஊரில் யார் வீட்டில் இருக்கு? சாவி யாரிடம்? கைப்பந்துக் கம்பம் ஊர்ப் பக்கம் நட்டிருக்கா, எல்லோரும் வந்து போகிற இடத்தில் நட்டிருக்கா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம பிள்ளை அங்கே பயமில்லாமல் போய் நிற்க முடியுமா? இதெல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கக்கூடிய கேள்விகள். கடைசிக் கேள்வியைத் தவிர. அதுக்கு நாமதான் போய் நின்னு பார்க்கணும்.

இப்ப ஏன் இதைப் பேசணும், கொரோனா போயாச்சே என்பீர்கள். 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வந்திருக்கிறது. இனி அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத்தான் மத்திய அரசுப் பணம் என்று அது சட்டமாகவே எழுதிவிட்டது. நிர்வாகக் குழுவில் சிறந்த வீரர்கள் இரண்டு பேராவது, பெண்கள் நாலு பேராவது இருக்கணும் என்கிறது. வரவேற்போம். தாழ்த்தப்பட்டோருக்கு, பழங்குடியினருக்கு ஒரு இடம் என்று அது சொல்லவில்லை. அடுத்த தொற்று வந்தாலும், வெள்ளம் வந்தாலும், நிதி இந்தக் குழாய் வழியாகத்தான் இறங்கும். குழாயின் கடைசி முனை மாவட்டச் சங்கத்தோடு முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் வந்தது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கி, அதை வேறு தலைப்புக்கு மாற்றாமல் நமக்கே செலவிடணும். விளையாட்டுத் துறையும் அதில் கணக்குக் காட்டியாகணும். சேரியை ஒட்டிய புறம்போக்கில் ஒரு களம், இரண்டு விளக்கு, தண்ணீர்க் குழாய், பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு அறை, இதுக்கு அந்த நிதியைக் கேட்க நமக்குச் சட்டப்படி உரிமை இருக்கு. விளையாட்டுக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு நல வாரியம் என்பது இரண்டாவது கோரிக்கை. ஊரடங்கில் போன இரண்டு வருஷத்துக்கு வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டில் வயதுத் தளர்வு என்பது மூணாவது, அது இப்பவே காலம் கடந்துகொண்டிருக்கு.

கேட்பதற்கு நாம யார் என்று முதல் கேள்வி வரும். அதனால் குழுக்களைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, ஏழு பேர் போதும், கபடிக்கும் ஏழு பேர்தானே. விதிமுறை, தலைவர், செயலாளர், பொருளாளர், வருஷக் கணக்கு. பதிவு செய்தால் நம்மையும் அந்த எந்திரம் விழுங்கிவிடாதா, ஐந்து வருஷத்தில் நம்ம செயலாளரும் லெட்டர் பேடு மனிதராகிவிட மாட்டாரா என்று ஒரு தோழர் மதியம் கேட்டார். ஆகலாம். அதைத் தடுக்க விதிமுறையிலேயே எழுதுங்கள்: ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் பொறுப்பில் இருக்கக்கூடாது, பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு, கணக்கு ஏப்ரல் 14 அன்று களத்தில் வைத்து மைக்கில் வாசிக்கப்படும். கெலாட் கதை நமக்கு அதுக்குத்தான் உதவும்.

விதிமுறை மாதிரி ஒன்று தமிழில் எழுதி நகல் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் மேசை மேல் இருக்கு. காரியாபட்டி பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது, மன்றத்துக்கு மனுக் கொடுக்கணும். சுற்றுவட்டார ஊராட்சிகளிலிருந்து வந்திருக்கிற தோழர்கள் அடுத்த கிராம சபைக்கு முன்னாடி தீர்மானத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெட்டியில் என்னென்ன பொருள் இருக்கிறது என்ற பட்டியலையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.